கம்பியும் பொது, பேச்சும் பொது: இயந்திரம் கட்டுவோரின் கொள்கைப் பிரகடனம்

முகவுரை

பேரிங் கடையில் நின்று “6205 ரெண்டு குடுங்க” என்றால் கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைப்பார். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. செய்தது எந்தக் கம்பெனி என்பதில் விலையும் ஆயுளும் மாறலாம். ஷாஃப்ட்டில் உட்காருமா என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. எம்8 போல்ட்டுக்கு 13 ஸ்பேனர் என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகு மரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அதற்கு முன்பு பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. நட்டு தொலைந்தால் போல்ட்டைச் செய்த பட்டறைக்கே திரும்பப் போக வேண்டும். மரை பொதுவான பிறகு, பட்டறைகள் மரையில் காட்டிய சாமர்த்தியத்தை மெஷினில் காட்டத் தொடங்கின.

இப்போது எங்கள் மெஷின் ஒன்றின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பாருங்கள். மெஷினின் மூளையான பிஎல்சியிலிருந்து மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கும் டிரைவிலிருந்து ஐஓ மாட்யூலுக்கும் ஈதர்நெட் கேபிள் ஓடுகிறது. ஆர்ஜே45 பிளக். எந்தக் கம்பெனி டிரைவில் செருகினாலும் ‘டக்’ என்று உட்காரும். உட்கார்ந்த பிறகு பேசாது. சாக்கெட் ஒன்று, பேச்சு ஏழெட்டு. மெக்கானிக்கலில் எங்கள் பாட்டனார் காலத்துக்கு முன்பே தீர்ந்துபோன விவகாரம், எலெக்ட்ரிக்கல் பேனலுக்குள் இன்றும் தீரவில்லை.

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மெஷின் கட்டிப் பிழைப்பவர்கள் நாங்கள். பவுச் பேக்கிங் மெஷின், பம்ப் டெஸ்ட் பெஞ்ச், நூற்பாலைத் துணைக்கருவிகள், வாடிக்கையாளர் வரைந்து கொடுக்கும் எஸ்பிஎம் (தனிப்பயன் மெஷின்) என்று பத்துப் பேரை வைத்தும் முப்பது பேரை வைத்தும் பட்டறை நடத்துகிறோம். 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த ஊர் இது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. அந்த மோட்டாருக்குக் கட்டளை போகிற கம்பியில் எங்களுக்கு உரிமை வேண்டும் என்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் பின்னால் வரட்டும். கொள்கை முதலில்.

ஒன்று: எங்கள் குற்றத்திலிருந்து தொடங்குகிறோம்

தீபாவளிக்கு முந்தைய வாரம், சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. மசாலாப் பொடி பாக்கெட் போடும் வாடிக்கையாளரிடமிருந்து போன். “அண்ணா, மெஷின் நின்னு போச்சுங்க. பிலிம் இழுக்கிற டிரைவுல கருகின வாசம் வருதுங்க.” எங்களில் ஒருவர் ஓடினார். சர்வோ டிரைவ் எரிந்திருந்தது. நல்லவேளை, ஸ்பேர் இருந்தது. அதே கம்பெனி, அதே கிலோவாட், ஒரே ஒரு தலைமுறை புதிய மாடல். கம்பிகளை மாற்றிக் கொடுத்து மெயினைப் போட்டதும் திரையில் சிவப்புப் பட்டை: எதிர்பார்த்த சாதனம் இல்லை.

பிஎல்சிக்குள் இருந்த ப்ராஜெக்டில் பழைய மாடலின் அடையாள எண் பதிந்திருந்தது. அதை மாற்ற அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மென்பொருள் திறக்க டோங்கிள் வேண்டும். பட்டறைக்கு இருந்ததே ஒரு டோங்கிள். அதுவும் வேறு ஊரில் கமிஷனிங்கில் இருந்தது. டோங்கிள் வந்தாலும் பிஎல்சிக்குப் பாஸ்வேர்டு வேண்டும். அது ப்ரோக்ராம் எழுதிய தம்பிக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டு எட்டு மாதமாகியிருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்கு மேல்தான் மெஷின் ஓடியது. பண்டிகைச் சரக்கு போக வேண்டிய இரண்டு நாள் போயே போய்விட்டது.

அன்று இரவு டிரைவ் கம்பெனியைத் திட்டித் தீர்த்தோம். விடிந்து யோசித்தபோது கணக்கு வேறாக இருந்தது. அடையாள எண்ணைப் பூட்டியது அவர்கள். பாஸ்வேர்டு போட்டது நாங்கள். பேக்கப் கொடுக்காமல் வந்தது நாங்கள். ‘சர்வீஸுக்கு நம்மகிட்டதானே வரணும்’ என்று உள்ளுக்குள் மகிழ்ந்ததும் நாங்கள்தான். மேலே இருப்பவர் நம்மைப் பூட்டினால் அநியாயம், நாம் வாடிக்கையாளரைப் பூட்டினால் வியாபாரம் என்ற இரட்டை நியாயத்தை இந்தப் பிரகடனத்தோடு விடுகிறோம்.

இரண்டு: ஒரே கம்பியில் இத்தனை பேச்சு எப்படி வந்தது

ஈதர்நெட் பொதுவாகப் பிறந்து பொதுவாக வளர்ந்த தொழில்நுட்பம். 1973 மே 22 அன்று ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் எழுதிய குறிப்பில் அந்தப் பெயர் வந்தது. 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து அதன் விவரக்குறிப்பை வெளியிட்டன. பின்னர் அது ஐஈஈஈ 802.3 என்ற பொது நியமமானது. யாரும் சிப் செய்யலாம், யாரும் கார்டு விற்கலாம் என்றானதால் விலை விழுந்தது. அலுவலகங்களில் அதனோடு மோதிய ஐபிஎம்மின் டோக்கன் ரிங் இன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலையின் கதை வேறு வழியில் போனது. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்காகப் பிஎல்சி பிறந்தது. 1979-இல் மோடிகான் கம்பெனி தன் பிஎல்சிகளுக்காக மோட்பஸ் மொழியைச் செய்து எல்லோருக்கும் வெளியிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு ஃபீல்டுபஸ், அதாவது சாதனங்கள் பேசிக்கொள்ளும் கம்பி வழி, செய்தார்கள். உலகத்துக்கு ஒரே நியமம் வகுக்க உட்கார்ந்த, சர்வதேச நியம அமைப்பான ஐஇசியின் குழுவில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 2000 வாக்கில் வந்த முடிவைப் பாருங்கள்: ஐஇசி 61158 என்ற ஒரே நியமத்துக்குள் ஒன்றுக்கொன்று பேசாத எட்டு வகைகள். பஞ்சாயத்தில் எட்டுப் பேருக்கும் வெற்றி என்று தீர்ப்பு எழுதிய கதை. வகைகளின் எண்ணிக்கை பின்னால் இன்னும் கூடியது.

ஈதர்நெட் தொழிற்சாலைக்குள் வந்தபோது இந்தத் தகராறு தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். தகராறு பழைய கம்பியிலிருந்து புதிய கம்பிக்கு இடம் மாறியது. ப்ரொஃபிநெட், ஈதர்நெட்/ஐபி, பவர்லிங்க், ஈதர்கேட், செர்கோஸ் 3, சிசி-லிங்க் ஐஇ, மெக்கட்ரோலிங்க் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெரிய கம்பெனி, ஒரு சங்கம், ஒரு சான்றிதழ்.

இதை முழுக்க வியாபாரச் சூழ்ச்சி என்று சொன்னால் நாங்கள் பொய் சொன்னவர்களாவோம். இவற்றைச் செய்த பொறியாளர்கள் நிஜமான ஒரு சிக்கலைத் தீர்த்தார்கள். அதன் பெயர் நேரம்.

எங்கள் மெஷினையே எடுத்துக்கொள்வோம். பாக்கெட் நீளம் 150 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 200 பாக்கெட். பிலிம் நிமிடத்துக்கு 30 மீட்டர், அதாவது வினாடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடுகிறது. பிலிமில் அச்சிட்ட கறுப்புக் கோட்டைச் சென்சார் பார்த்ததும் வெட்டும் கத்திக்குச் செய்தி போக வேண்டும். செய்தி ஒரு மில்லிவினாடி முன்பின்னானால் வெட்டு அரை மில்லிமீட்டர் தள்ளும், யாருக்கும் தெரியாது. பத்து மில்லிவினாடி ஆடினால் 5 மில்லிமீட்டர் தள்ளும். பாக்கெட்டில் அச்சிட்ட மிளகாயின் காம்பு அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடும். செய்தி மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, தினம் ஒரே அளவு மெதுவாக வந்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஒரு தடவை சீக்கிரமும் ஒரு தடவை தாமதமுமாக வந்தால்தான் பாக்கெட் கெடுகிறது.

சாதாரண ஈதர்நெட் அந்த உறுதியைத் தராது. 100 மெகாபிட் கம்பியில் ஒரு முழு நீளத் தரவுப் பொட்டலம் போக ஏறத்தாழ 120 மைக்ரோவினாடி ஆகும். கேமராவின் படம் பத்துப் பொட்டலமாக ஸ்விட்சில் முன்னால் நின்றால் கத்திக்கான கட்டளை பின்னால் காத்திருக்கும். இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தார்கள். பவர்லிங்க்கில் தலைமைக் கருவி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டவர் மட்டும் பேச வேண்டும். ப்ரொஃபிநெட் ஐஆர்டியில் அவசரச் செய்திக்கென்று நேரம் ஒதுக்கிவைப்பார்கள். 2003-இல் பெக்காஃப் வெளியிட்ட ஈதர்கேட்டின் யுக்தி அழகானது: ஒரே பொட்டலம் எல்லாச் சாதனங்களின் ஊடாகவும் நிற்காமல் ஓடும், ஒவ்வொன்றும் தனக்குரியதை ஓட்டத்திலேயே எடுத்துக்கொண்டு தன் பதிலை அதிலேயே வைத்துவிடும். டவுன் பஸ் நிற்காமலே ஆள் ஏறி ஆள் இறங்குவதுபோல. சாதனங்களின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோவினாடிக்குள் ஒத்துப்போகும்.

யுக்திகள் அருமை. அவை ஒன்றோடொன்று பேசாததற்கான கூலியைத்தான் கடைசியில் மெஷின் கட்டுபவனும் மெஷின் வாங்குபவனும் கொடுக்கிறார்கள்.

மூன்று: ‘ஓப்பன்’ என்பதற்கு எங்கள் உரைகல்

இன்று எந்தக் கேட்டலாக்கைப் புரட்டினாலும் ‘ஓப்பன்’ என்ற சொல் இருக்கிறது. பலகாரக் கடைப் பலகையில் ‘சுத்தமான நெய்’ என்று எழுதியிருப்பதற்குச் சமம். நாங்கள் நான்கு கேள்வி கேட்போம். விவரக்குறிப்பை யாரும் வாங்கிப் படிக்க முடியுமா? படித்தவர் யாரிடமும் கைகட்டி நிற்காமல் அதைச் செய்ய முடியுமா? நாளைக்கு அதை மாற்றும் அதிகாரம் ஒரே கம்பெனியிடம் இருக்கிறதா, பொதுக்குழுவிடம் இருக்கிறதா? ஒருவர் செய்த பொருளைக் கழற்றி இன்னொருவர் செய்ததை மாட்டினால் ஓடுகிறதா?

இந்த உரைகல்லில் உரசினால் எதுவும் முழுத் தங்கமாக வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். மோட்பஸ் 2004 முதல் தனி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது, யாரும் செய்யலாம். ஆனால் அதற்கு நேரமும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. 40001-ஆம் ரெஜிஸ்டரில் 275 என்று இருந்தால் அது 27.5 டிகிரியா, 275 ஆர்பிஎம்மா என்று மேனுவலைத் தேட வேண்டும். ஈதர்கேட் சங்கத்தில் சேரக் கட்டணமில்லை. தலைமைக் கருவிக்குச் சாதாரண ஈதர்நெட் போர்ட்டே போதும். ஆனால் சாதனப் பக்கம் அதற்கென்று செய்த சிப் வேண்டும். வணிகக்குறியும் மூல உரிமையும் ஒரு கம்பெனியின் கையில். பவர்லிங்க்கின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் எடுக்கலாம். சந்தையில் பொருள் குறைவு. ஐஈஈஈ ஈதர்நெட்டுக்குள்ளேயே நேரத்தைக் கொண்டுவரும் டிஎஸ்என் குடும்பம் கேள்விகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டுகிறது. 802.1ஏஎஸ் எல்லாக் கடிகாரங்களையும் ஒத்துப்போக வைக்கிறது, 802.1க்யூபிவி ஸ்விட்சுக்குள் நேரப்படி திறந்து மூடும் மதகு வைக்கிறது. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நம் விவசாயிக்கு இது புதிய யோசனை இல்லை. ஆனால் எங்கள் கைக்கு எட்டும் விலையில் டிரைவுகளும் ஐஓக்களும் இதில் பரவலாக வந்தால்தான் எங்களுக்குப் பயன்.

ஆகவே எந்தக் கொடியையும் நாங்கள் பிடிக்கவில்லை. நான்கு கேள்விகளை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

நான்கு: கொள்கைகள்

1. வேலைக்குத் தக்க வேகம். பம்ப் டெஸ்ட் பெஞ்சில் அழுத்தமும் ஓட்டமும் வினாடிக்குச் சில முறை படித்தால் போதும். அங்கே மோட்பஸ் டிசிபி தாராளம். அதற்கு மைக்ரோவினாடி நெட்வொர்க் விற்பதும் வாங்குவதும் வீண். ஒவ்வொரு மெஷினுக்கும் எவ்வளவு நேர ஆட்டம் தாங்கும் என்று கணக்கிட்டு எழுதுவோம். அந்தக் கணக்கின்மேல்தான் நெட்வொர்க்கைத் தேர்வோம்.

2. எண்ணுக்குப் பெயர் வேண்டும். கம்பியில் போகும் ஒவ்வொரு எண்ணும் தன் பெயரையும் அலகையும் எல்லையையும் சுமந்து போக வேண்டும். ஓபிசி யுஏ என்ற ஐஇசி 62541 நியமம் இதற்கென்றே வந்தது. பிளாஸ்டிக் இஞ்செக்ஷன் மோல்டிங் மெஷின்களுக்கு யூரோமேப் 77, மெஷின் டூல்களுக்கு உமாட்டி, பேக்கிங் மெஷின்களின் நிலைகளுக்கு பேக்எம்எல் என்று துறைவாரி அகராதிகள் வெளியாகியிருக்கின்றன. இருக்கிற அகராதியை எடுத்தாள்வோம். கோவைக்கென்று தனி அகராதி எழுதி இன்னொரு தகராறு கிளப்ப மாட்டோம்.

3. டிரைவை மாற்றினால் ப்ரோக்ராம் மாறக்கூடாது. சிஐஏ 402 என்ற டிரைவ் சுயவிவரம் பல நெட்வொர்க்குகளில் ஒரே மாதிரி இருக்கிறது: கட்டளை 6040-இல், நிலை 6041-இல், போக வேண்டிய இடம் 607ஏ-இல். அந்த எல்லைக்குள் நின்று ப்ரோக்ராம் எழுதுவோம். ஒரு கம்பெனியின் தனிச்சலுகைக் கட்டளையைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதைத் தனிப் பகுதியாகப் பிரித்து, ஏன் பயன்படுத்தினோம் என்று அங்கேயே எழுதிவைப்போம்.

4. மெஷின் யாருடையதோ தரவும் அவருடையது. எத்தனை பாக்கெட் ஓடியது, எப்போது நின்றது, ஹீட்டர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதெல்லாம் மெஷினை விலை கொடுத்து வாங்கியவரின் சொத்து. இந்தத் தரவைப் பெற்றுப் பயன்படுத்தும் அவரது உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 12 முதல் தரவுச் சட்டத்தின் வழி அமல்படுத்தத் தொடங்கிவிட்டது. சட்டம் வந்து சொல்லும் வரை காத்திருப்பது எங்களுக்கு அழகில்லை.

5. திறந்த பேச்சு என்றால் திறந்த கதவு என்று பொருளில்லை. மோட்பஸில் வந்து கட்டளை கொடுப்பவர் யார் என்று கேட்கும் வழக்கமே இல்லை. மூடிய மென்பொருளால் மட்டும் பாதுகாப்பு வராது என்பதை 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு காட்டியது. மெஷின் நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைப்போம். தூரத்திலிருந்து நாங்கள் உள்ளே வர வேண்டுமென்றால் பேனல் கதவில் உள்ள சாவியை வாடிக்கையாளர் திருப்பினால்தான் வர முடியும். ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்புவோர் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும் அங்குள்ள சைபர் சட்டத்துக்கு இன்றே தயாராக வேண்டும்; ஐஇசி 62443 அதற்கு நல்ல பாடநூல்.

6. உயிரோடு விளையாடுவதில்லை. எமர்ஜென்சி ஸ்டாப், கார்டு கதவு ஸ்விட்ச், லைட் கர்ட்டன் ஆகியவற்றில் சோதனை முயற்சிக்கு இடமில்லை. சான்றிதழ் பெற்ற பாதுகாப்பு நெறிமுறை, இல்லையேல் தனிக் கம்பியும் சேஃப்டி ரிலேயும். இந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லி யாராவது ஒரு தொழிலாளியின் விரலைப் பணயம் வைத்தால் அவர் எங்களவர் அல்லர்.

7. பொதுவில் எடுத்தால் பொதுவில் வை. அமெரிக்க அரசின் அளவை ஆய்வகத்தில் தொடங்கி இன்று யாரும் எடுத்தாளும் லினக்ஸ்சிஎன்சி, சாதாரணக் கணினியை ஈதர்கேட் தலைமைக் கருவியாக்கும் ஐஜிஹெச், எஸ்ஓஇஎம் நிரல்கள், ஓபிசி யுஏவுக்கான ஓப்பன்62541 எல்லாம் எங்கள் முன் இருக்கின்றன. இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 2024-இல் லினக்ஸின் மூல வெளியீட்டிலேயே நிகழ்நேர ஆற்றல் சேர்ந்துவிட்டது. இவற்றை எடுப்போம், உரிமத்தின் ஒவ்வொரு வரியையும் மதிப்போம், கண்ட பிழையையும் செய்த திருத்தத்தையும் திருப்பிக் கொடுப்போம்.

ஐந்து: எதிர்க்கேள்விகளுக்குப் பதில்

‘எல்லாம் ஒரே கம்பெனியில் வாங்கினால் ஒரே நாளில் கமிஷனிங் முடியும், பிரச்சினை வந்தால் ஒருவரைக் கேட்டால் போதும்’ என்கிறார்கள். முதல் நாளுக்கு அது உண்மை. மெஷினின் ஆயுளோ பதினைந்து, இருபது ஆண்டு. எட்டாம் ஆண்டில் அந்தக் கம்பெனி ‘அந்த மாடல் நிறுத்திட்டோம்’ என்று கடிதம் அனுப்பும் நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறோம். ஒரே கம்பெனியில் வாங்குவதை நாங்கள் தடுக்கவில்லை. விரும்பி வாங்குவது வேறு, வேறு வழியின்றி வாங்குவது வேறு.

‘நெட்வொர்க்கைத் திறந்துவைத்தால் நம் மெஷினைக் காப்பியடித்துவிடுவார்கள்’ என்கிறார்கள். எங்கள் தொழில் ரகசியம் கம்பியில் இல்லை. சீலிங் ஜாவின் வெப்பம் மூலைவரை சமமாகப் பரவ ஹீட்டரை எங்கே துளைக்க வேண்டும், ஈரமான மஞ்சள்தூள் ஆகரில் ஒட்டாமல் விழ என்ன செய்ய வேண்டும் என்பதில் இருக்கிறது. அது இருபது ஆண்டுக் கைப்பழக்கம். கேபிளில் வயர்ஷார்க் மென்பொருள் போட்டுப் பார்த்தால் அது தெரியாது.

‘பத்துப் பேர் பட்டறையின் பேச்சைப் பெரிய கம்பெனி கேட்குமா?’ என்கிறார்கள். ஒருவராகப் போனால் கேட்காது. நூறு பட்டறை ஒரே வாசகத்தைக் கொள்முதல் ஆணையில் எழுதினால் அவர்களின் விற்பனைப் பிரதிநிதியே அதைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போவார். அவருக்கு மாத இலக்கு இருக்கிறது.

ஆறு: உறுதிமொழி

மெஷின் ஒப்படைக்கும் நாளில் பேனல் கதவின் உள்பக்கப் பையில் இவை இருக்கும் என்று உறுதி கூறுகிறோம்: நெட்வொர்க் வரைபடம், ஒவ்வொரு சாதனத்தின் முகவரியும் மாடலும் ஃபர்ம்வேர் எண்ணும், ப்ரோக்ராமின் முழு பேக்கப், எல்லாப் பாஸ்வேர்டுகளும் முத்திரையிட்ட உறையில்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டுவோம். ஈதர்நெட் கேபிளை டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரங்கிங்கில் படுக்க வைக்க மாட்டோம்; ஷீல்டை முறையாக எர்த் செய்வோம். தண்ணீரும் பொடியும் படும் இடத்தில் ஆர்ஜே45-ஐ நம்பாமல் எம்12 கனெக்டர் போடுவோம். ‘கம்யூனிகேஷன் ஃபால்ட்’ என்று வரும் போன்களில் நெறிமுறைக்குச் சம்பந்தமே இல்லாமல் தளர்ந்த பிளக்கும் தவறான எர்த்திங்கும் காரணமாக இருந்ததை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கம்பியை ஒழுங்காக இழுக்காதவனுக்குத் திறந்த தொழில்நுட்பம் பற்றிப் பேச யோக்கியதை இல்லை.

பழைய மெஷின்களுக்கும் இது பொருந்தும். நாங்கள் விற்ற மெஷினின் சொந்தக்காரர் கேட்டால், விற்று எத்தனை ஆண்டானாலும், எங்களிடம் உள்ள பாஸ்வேர்டையும் பேக்கப்பையும் கட்டணமின்றிக் கொடுப்போம்.

ஏழு: கோரிக்கைகளும் முதல் வேலையும்

டிரைவ், பிஎல்சி விற்பவர்களிடம்: சாதன விவரக் கோப்புகளை லாகின் கேட்காமல் தாருங்கள். ஒரு மாடலை நிறுத்தினால் புதியது பழையதைப் போலவே பேசும்படி ஒரு வழியை அதிலேயே வையுங்கள். பிஎல்சி மொழிகளுக்கு 1993-லேயே ஐஇசி 61131-3 வந்துவிட்டது. ப்ரோக்ராமை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் கோப்பு வடிவத்துக்கும் நியமம் இருக்கிறது. அதை மதிக்கும் ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை ஒளிக்காதீர்கள்.

கல்லூரிகளிடமும் ஐடிஐகளிடமும்: ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த கிட்டில் மட்டும் பாடம் நடத்தினால் மாணவன் அந்தக் கம்பெனியின் பொத்தான்களைக் கற்றுக்கொள்கிறான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கம்பியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவனுக்கு எந்தக் கம்பெனி மென்பொருளும் ஒரு வாரப் பழக்கம்.

அரசிடம்: பொதுப் பணத்தில் இயந்திரம் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் பாஸ்வேர்டும் பேக்கப்பும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். செலவில்லாத சீர்திருத்தம்.

எங்களுக்கு நாங்களே இட்டுக்கொண்ட முதல் வேலை ஒரு பொதுச் சோதனை மேசை. ஒரு பட்டறையின் ஓரத்தில் ஒரு நீள மேசை, அதில் பல கம்பெனிகளின் டிரைவும் ஐஓவும் கன்ட்ரோலரும். எதை எதோடு மாட்டினோம், எது பேசியது, எது முரண்டு பிடித்தது, எத்தனை மைக்ரோவினாடி ஆட்டம் என்று அளந்து தமிழில் எழுதிவைப்போம். ஓடியதை எழுதுவதுபோலவே ஓடாததையும் எழுதுவோம். யாரும் வந்து தங்கள் சாதனத்தை மாட்டிப் பார்க்கலாம்; விற்பவர்களும் வரலாம். மேசையில் யாருடைய விளம்பரமும் ஒட்டப்படாது. கிலோமீட்டர் தூரம் வரை இரண்டே கம்பியில் ஓடும் 10பேஸ்-டி1எல் என்ற 2019-ஆம் ஆண்டு நியமத்தைக் கிணற்றடிப் பம்புகளில் சோதித்துப் பார்ப்பதும் அந்த மேசையின் திட்டத்தில் உண்டு.

தொழில் நண்பர்களே, இந்த இயக்கத்தில் சேர சந்தா இல்லை, படிவம் இல்லை. நாளைக் காலை நீங்கள் அனுப்பப்போகும் கொள்முதல் ஆணையின் கீழே இந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டால் நீங்கள் உறுப்பினர்: ‘இச்சாதனத்தின் தொடர்பு நெறிமுறை, வெளியிடப்பட்ட பொது நியமத்தின்படி இருக்க வேண்டும். விவரக் கோப்பும் கடவுச்சொற்களும் சரக்கோடு வர வேண்டும்.’ எழுதிய பிறகு, உங்கள் மேசை டிராயரில் எத்தனை வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.